பக்கம் ஒன்பது

ஜூன் முப்பதோடு ரெசிடென்சி முடிகிறது.
டெஸ்ஸா ஷாலென்பெர்குக்கு வயது முப்பத்து நான்கு,
கடன் மூன்று லட்சத்துப் பதினோராயிரம் டாலர்,
நூல் முடிந்து முடிந்து
ஆள்காட்டி விரலில் ஒரு காய்ப்பு.
டெய்ட்டன் நகரத்து வாடகை வீட்டில்
சமையல் மேசைமேல் மூன்று கடிதங்கள்.

முதலாவது கொலம்பஸிலிருந்து.
பதினொரு மாடி, எங்கும் கண்ணாடி, நான்கு ரோபோ.
சம்பளத்தின் சைபர்களை விரல் வைத்து எண்ணினாள்.
பிறகு, திறந்த வயிற்றில் குடலை
முனையிலிருந்து முனைவரை கைமாற்றி உருவிப் பார்ப்பாளே,
அப்படிப் பார்த்தாள்
ஒப்பந்தத்தின் பக்கங்களை.
ஓட்டை ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது:
வேலையை விட்டால் இரண்டு வருடம்
நாற்பது மைல் சுற்றளவில் கத்தி எடுக்கக் கூடாது.

இரண்டாவது, விபத்து அறுவைக்கான மேற்பயிற்சி.
"உங்கள் விண்ணப்பம் மிகச் சிறப்பாக இருந்தது"
என்று தொடங்கியது.
அப்படித் தொடங்கும் கடிதத்தின் அடுத்த வரியை
யாரும் படிக்க வேண்டியதில்லை.
பெயருக்குப் பின்னால் எம்.டி. இல்லாமல்
டி.ஓ. என்று இருப்பதாலா?
தெரியாது.
ஸ்கேனில் வராத வலி அது.
ஐந்து வருடம் முன்பு ஒரு நேர்காணலில்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒருவர் கேட்டார்:
"ஆஸ்டியோபதியா? அப்படியென்றால்
முதுகில் நெட்டி எடுப்பீர்களோ?"
அன்று அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள்.
அந்தச் சிரிப்பு இன்னும்
தையல் பிரிக்காமல் கன்னத்தில் கிடக்கிறது.

மூன்றாவது, நெப்ராஸ்காவின் மேற்குக் கோடி.
ஹார்லன் மேடு. பதினெட்டுப் படுக்கை.
ஏப்ரலில் போய்ப் பார்த்திருந்தாள்.
விமான நிலையத்துக்கு பிக்கப் வண்டியில் வந்தவர்
டுவேன் ஸ்விட்டாக், நிர்வாகி;
பாய்லர் பழுதானாலும் அவர்தான்.
வழியெல்லாம் சோளம் விதைக்காத கறுப்பு மண்.
எழுத்துகளைப் பற்றி அவர் கேட்கவில்லை.
"சிசேரியன் வருமா?
தானிய இயந்திரத்தில் கை போனால்?
பனிப்புயலில் ஹெலிகாப்டர் வராது, தெரியுமல்லவா?
கணவர் என்ன செய்கிறார்?"
"வெல்டிங்."
வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.
"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, டாக்டர்."

தியேட்டரில் அவளைவிட வயதான விளக்கு.
மயக்க மருந்து கொடுக்கிறவர்
வாரம் மூன்று நாள், எழுபது மைல் தள்ளியிருந்து.
வரவேற்பறைப் பெண் கழுத்தைத் திருப்ப முடியாமல்
முழு உடம்போடு திரும்பி வணக்கம் சொன்னாள்.
டெஸ்ஸாவின் கை
அவளைக் கேட்காமலே போய்விட்டது:
மண்டையோட்டின் அடிவரம்பு,
இரண்டாம் முள்ளெலும்பின் இடப்பக்கம்,
மூச்சு இறங்கும்வரை ஒரு காத்திருப்பு.
மிசௌரியில் படித்த காலத்தில் பழகியது.
ரெசிடென்சியில் யாரும் கேட்கவில்லை,
இவளும் சொல்லிக்கொள்ளவில்லை.
அந்தப் பெண்ணின் தோள் இறங்கியது.
திருடிப் பிடிபட்டவள்போல் கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

கைராசி என்று நாம் சொல்வோம்.
அவள் மொழியில் அந்தச் சொல் இல்லை.
இருந்தாலும் ஏற்றிருக்க மாட்டாள்.
கத்திக்கு ராசி கிடையாது,
வெளிச்சம் உண்டு,
முந்தின இரவின் தூக்கம் உண்டு.

அதனால்தான் இன்றிரவு போனில் கேட்டாள்:
"நான் தூங்கும்போது யார்?"
டுவேன் ஸ்விட்டாக் வெகுநேரம் பேசவில்லை.
அந்தப் பக்கம் ஒரு நாய் குரைத்தது.
"யாருமில்லை" என்றார்.

பொய் சொல்லவில்லை, அது ஒன்று.
அவர் ஒப்பந்தம் மொத்தமே நான்கு பக்கம், அது இன்னொன்று.
ஓரத்து வெள்ளையில் பேனாவால் எழுதினாள்:
மாதம் பத்து நாள் மாற்று மருத்துவர்.
அந்தப் பத்து நாளும் என் போன் அணைந்திருக்கும்.
புனிதப் பிறவி வேண்டுமென்றால் வேறு இடம் பார்க்கவும்.
கடைசி வரியை அடித்தாள்.
மறுபடி எழுதினாள்.

கையெழுத்து.
அதன்பின் அந்த இரண்டு எழுத்து,
அடுத்த தாளிலும் பதியும்படி.

பக்கத்து அறையில் கோல்பி யாரிடமோ
டிராக்டர் அச்சைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான்.
ஹார்லன் மேட்டிலிருந்து
அவனுக்கு இது மூன்றாவது அழைப்பு.